வண்டி மாறும் இடத்தில் ஒரு வேப்பந்தழை

பட்டணத்தில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் தலை எண்ணுவது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மின்சார வண்டி ஓடத் தொடங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம். வெளியூர் வண்டிகள் வந்து நிற்கும் பெரிய ஸ்டேஷனில் இறங்கி, டிராம் ஓடும் ரோட்டைத் தாண்டி, எதிரே இருந்த சின்ன ஸ்டேஷனில் மின்சார வண்டி ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்று மேலிடத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்குத் தற்காலிகமாக எடுத்த ஆட்களில் நானும் ஒருவன். காலையிலும் மாலையிலும் கூட்டம் வரும் நேரமெல்லாம் படிக்கட்டின் அடியில் நின்று, மேலே ஏறுகிற தலைகளை எண்ண வேண்டும்.

மற்றவர்கள் காகிதத்தில் கோடு போட்டார்கள். நான் மொச்சைக் கொட்டை வைத்துக்கொண்டேன். இருபது தலைக்கு ஒரு கொட்டை வலது பையிலிருந்து இடது பைக்குப் போகும். கொல்லிமலையில், சில ஊர்கள் சேர்ந்த எங்கள் குண்டனி நாட்டில் ஆடுகளைப் பட்டியில் அடைக்கும்போது அப்படித்தான் எண்ணுவோம். ஆபீசில் இதைக் கேள்விப்பட்டு என்னை மொச்சைக்காரன் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்களுடைய கோடுகள் கூட்டத்தில் தடுமாறும், என் கொட்டை தடுமாறாது என்பதால் நான் அதைச் சட்டை செய்யவில்லை.

எண்ணி முடித்ததும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் கடைசிக் கட்டம் ஒரு கேள்வி. வண்டி மாறுவதில் பயணிகளுக்குச் சிரமம் உண்டா? முதல் நாள் நான் அந்தக் கட்டத்தை ஒழுங்காகவே நிரப்பினேன். டிராம் ரோட்டைத் தாண்டியதும் ஒரு சந்து வருகிறது, அது இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் போனால் தெற்கே போகும் வண்டிக்கான படிக்கட்டு. இடது பக்கம் போனால் மதிலைச் சுற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகும் வண்டிக்கு. எது எது என்று சொல்லும் பலகை உயரத்தில் இங்கிலீஷில் தொங்குகிறது. படுக்கையும் கூஜாவுமாக வருகிற வெளியூர்க்காரர்கள் இடது பக்கம் போய் முட்டிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். இதையெல்லாம் எழுதி, இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

மறுநாள் ஹெட் கிளார்க் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடிக்கு மேலாக என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உம்மை என்ன வேலைக்கு வச்சிருக்கு?"

"எண்ணறதுக்குங்க."

"அப்போ எண்ணும். அந்தக் கட்டத்துல உண்டு, இல்லை, ரெண்டுல ஒண்ணு போட்டாப் போறும். உண்டுன்னு போட்டா எனக்கு நாலு கடிதாசு எழுதற வேலை."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் வேலை தற்காலிகம், பசி நிரந்தரம். அன்று முதல் 'இல்லை' என்று எழுதினேன். சில நாள் கழித்து, காலையில் எண்ணத் தொடங்குவதற்கு முன்பே கடைசிக் கட்டத்தில் 'இல்லை' எழுதி வைத்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

இந்தப் பழக்கம் படிவத்தோடு நிற்கவில்லை. என் அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா, நெஞ்சில் சளி கட்டி இருமி இருமி இளைத்துப் போயிருந்தார். மலையில் பார்த்த வைத்தியம் எதுவும் கேட்கவில்லை. நான்தான் அவரைப் பட்டணத்துக்கு அழைத்து வந்து, மின்சார வண்டி போய் நிற்கும் கடைசி ஊருக்குப் பக்கத்தில் சயரோகிகளுக்கான ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். அக்காவுக்கு மாதம் ஒரு கடுதாசி போடுவேன். மலைக்கு நேராகத் தபால் போகாது. அடிவாரத்தில் மிளகு வாங்கும் கடைக்காரர் பெயருக்குப் போகும். சந்தைக்கு இறங்கும்போது அவர் அக்காவுக்குப் படித்துக் காட்டுவார். ஒவ்வொரு கடுதாசியிலும் ஒரே விஷயம். மாமா சௌக்கியம், சிரமம் ஒன்றும் இல்லை.

மாமா ரத்தமாகக் கக்கிக்கொண்டிருந்த மாதத்திலும் அதையேதான் எழுதினேன். அந்தச் சமயம் பார்த்து ஊர்க்காரர் ஒருவர் வேறு காரியமாகப் பட்டணம் வந்து, ஆஸ்பத்திரிக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு மலை ஏறிவிட்டார். அவர் கண்டதைச் சொல்ல, கேட்டவர்கள் காணாததையும் சேர்த்துக்கொள்ள, மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், தம்பிக்காரன் மறைக்கிறான் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. அதன் பிறகு மாமா உண்மையாகவே தேறினார். டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். ஆனந்தமாக எழுதிப் போட்டேன். அக்காவிடமிருந்து கடைக்காரர் கையால் பதில் வந்தது. உன் கடுதாசி வேண்டாம், நானே வந்து பார்க்கிறேன்.

அக்கா அதுவரை அடிவாரத்துச் சந்தையைத் தாண்டியது கிடையாது. சேலத்துக்கு மிளகு கொண்டுபோன பக்கத்துக் காட்டுக்காரர் அவளை ரயிலேற்றி, அதே பெட்டியில் வந்த ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்திருந்தார். விடிந்து சிறிது நேரத்தில் வண்டி வந்தது. ஹெட் கிளார்க் எனக்கு அரை நாள் லீவு கொடுத்திருந்தார், காலைக் கூட்டத்தை எண்ணிவிட்டுப் போகலாம் என்ற நிபந்தனையோடு. அக்காவைச் சின்ன ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, எண்ணி முடித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாகத் திட்டம்.

பெட்டியிலிருந்து அவள் இறங்கியபோது கையில் தினைமாவு மூட்டை ஒன்று இருந்தது. காலடியில் ஒரு பலாப்பழம். என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"உசுரோட இருக்காரா?"

"சௌக்கியமா இருக்காரு அக்கா. இன்னிக்கே கூட்டிட்டுப் போலாம்."

"அதத்தான் மாசாமாசம் எழுதிட்டிருந்தியே" என்றாள்.

நான் பலாப்பழத்தைத் தூக்கிக் கோட்டுப் போட்ட தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். அவள் மூட்டையோடு பின்னால் வந்தாள்.

இங்கே எங்கள் மலையில் நடக்கும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே தடம் ஒற்றையடி. அண்ணன் தம்பியானாலும் புருஷன் பெண்டாட்டியானாலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். சுமையோடு முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்க மாட்டான். திரும்பினால் சுமை சரியும், சுமை சரிந்தால் கால் சரியும். அதனால் தடம் பிரிகிற இடத்தில் முன்னால் போகிறவன் ஒரு பச்சைத் தழையை ஒடித்து, போகக் கூடாத தடத்தின் குறுக்கே போட்டுவிட்டு மற்றதில் போவான். பின்னால் வருகிறவர்கள், அரை நாள் கழித்து வந்தாலும், தழை கிடக்கும் பக்கம் மிதிக்க மாட்டார்கள். பிரிகிற இடத்தில் தழையே இல்லை என்றால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். முன்னால் போனவன் தவறை உணர்ந்து திரும்பி வருவான். எடப்புளி நாட்டுப் பக்கம் போனாலும் பைல் நாட்டுப் பக்கம் போனாலும் இதே வழக்கம்தான். நடக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தழையும் தெரியும்.

படிக்க வந்து பட்டணத்தில் ஐந்து வருஷம் இருந்தவன் நான். கோட்டுப் போட்டவன். ஆனால் தோளில் சுமை ஏறியதும் கழுத்து மலைக்கழுத்தாகிவிட்டது. பெரிய ஸ்டேஷன் வாசலைத் தாண்டினேன். டிராமுக்கு நின்று, ரோட்டைக் கடந்து, சந்தில் புகுந்து, வலது பக்கம் திரும்பிப் படிக்கட்டின் அடிக்கு வந்து, "இதுதான் அக்கா இடம்" என்று சொல்லித் திரும்பினேன். பின்னால் டிபன் கேரியரோடு ஒரு குமாஸ்தா நின்றிருந்தார். "எது?" என்றார்.

அக்கா இல்லை.

பின்தங்கியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். டிராம் ரோடு வரை ஓடினேன். பூக்கூடைகள், கல்லூரிப் பையன்கள், பால்கார அம்மாக்கள், எல்லோரும் என்னைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார்கள். தினமும் இருபது இருபதாக எண்ணிப் பைக்குள் போட்ட கூட்டம் இதுதானா என்று இருந்தது. ரோட்டின் நடுவே டிராம் மணியடித்துக்கொண்டு போனது. அதன் அடியில் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, பார்த்தேன். ஒன்றும் இல்லை. பெரிய ஸ்டேஷனுக்குள் போனேன். அவள் வந்த வண்டியைக் கழுவ எடுத்துப் போயிருந்தார்கள். பெண்கள் தங்கும் அறை வாசலில் நின்று "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டேன். உள்ளே இருந்த நாலைந்து அக்காமார்கள் எட்டிப் பார்த்தார்கள், என் அக்கா இல்லை.

வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் அடையாளம் சொன்னேன். கண்டாங்கிச் சேலை, வெறுங்கால், கையில் மூட்டை. அவர் என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பலாப்பயம் வெலைக்கா?" என்று கேட்டார்.

அப்போதுதான் பலாப்பழம் இன்னும் தோளிலேயே இருப்பது தெரிந்தது. அதை இறக்கி வைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவர் மேல் எரிந்து விழுந்துவிட்டு மறுபடி ரோட்டுக்கு வந்தேன்.

எவ்வளவு நேரம் அலைந்தேனோ தெரியாது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆஸ்பத்திரியின் பெயர் தெரியாது. என் ஜாகை தெரியாது. அவள் பேச்சுப் பாதி இந்த ஊருக்குப் புரியாது. யாராவது கையைப் பிடித்து எங்காவது வண்டி ஏற்றிவிட்டால் முடிந்தது கதை. மாமா முந்தின நாளே முகச்சவரம் செய்துகொண்டு, படுக்கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவரிடம் போய் என்னவென்று சொல்வது? உயிரோடு இருக்கிற மாமாவைச் செத்துவிட்டார் என்றது ஊர். இப்போது நான் அக்காவைத் தொலைத்துவிட்டேன் என்று மலை ஏறிப் போய்ச் சொன்னால், என் வாயிலிருந்து வரும் முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியில் படிக்கட்டுக்கே திரும்புவோம் என்று சந்துக்குள் வந்தேன். தடம் பிரிகிற இடத்தில் காலில் என்னவோ நெறுநெறுவென்று மிதிபட்டது. குனிந்து பார்த்தேன். வேப்பந்தழை. கை நீளத்துக்கு ஒரு கொப்பு, படிக்கட்டுக்குப் போகும் வலது பக்க வழியின் குறுக்கே பச்சையாகக் கிடந்தது.

சந்தின் மூலையில் பல்குச்சி விற்கிறவர் ஒருவர் தினமும் உட்காருவார். குச்சியை நறுக்கிக்கொண்டு, தழையைப் பின்பக்கமாக வீசுவார். நான் வந்த நாளிலிருந்து அங்கே தழை கிடக்கிறது. தினமும் அதை மிதித்துக்கொண்டுதான் வேலைக்குப் போயிருக்கிறேன். பட்டணத்து ஜனம் அத்தனையும் மிதித்துக்கொண்டுதான் போனது. அந்தத் தழையை மிதிக்காத ஒரே ஒருத்தி அன்று காலை அந்த வழியாக வந்திருக்கிறாள்.

இடது பக்கம் ஓடினேன். மதிலைச் சுற்றிக்கொண்டு போகும் அந்த வழி, கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பிரியும். ஒன்று கடற்கரைப் பக்கம் போகும் வண்டிக்கு, மற்றது படகுகள் நிற்கும் கால்வாய்க் கரைக்கு. அங்கே எவரும் தழை போட்டிருக்க முடியாது. பல்குச்சிக்காரர் அவ்வளவு தூரம் வீச மாட்டார். தழை இல்லாத பிரிவில் எங்கள் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் திருப்பத்தைத் தாண்டுகிற வரை என் ஓட்டம் நிற்கவில்லை.

அக்கா அங்கே இருந்தாள். இரண்டு வழிக்கும் நட்ட நடுவில், மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். இறங்கி வந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவளைச் சுற்றிக்கொண்டு போனது. யாரோ முணுமுணுத்தார்கள், யாரோ நகரச் சொன்னார்கள். அவள் மாமரத்தடியில் உட்கார்ந்திருப்பவள் போல் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பலாப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே, நடுவழியில், கோட்டோடு உட்கார்ந்துவிட்டேன். வாய் விட்டு அழுதேன் என்றே சொல்லலாம். இப்போது கூட்டம் எங்கள் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு போனது.

"ஏஞ்சாமி அழுவற?" என்றாள் அக்கா.

"உன்னத் தொலைச்சிட்டேன்னு நெனச்சேன் அக்கா."

"தழை போட்டியல்ல. அப்புறம் எங்க தொலைய? இங்க போடாம உட்டுட்ட, சரி, வருவேன்னு உக்காந்துட்டேன்." முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "ஒண்ணு சொல்லட்டுமா கண்ணு. உன் கடுதாசிய நான் நம்பல. அவரு இல்லைன்னுதான் மனசத் தேத்திட்டு வந்தேன். அங்க தழையப் பார்த்தேன் பாரு, அப்பத்தான் மனசு ஆறுச்சு. இத்தன வருசம் இந்த ஊர்ல கிடந்தும் தழை போட மறக்காதவன், பெரிய விசயத்துல பொய் சொல்ல மாட்டான். அவரு இருக்காருன்னு தெரிஞ்சு போச்சு. அதான் பயமே இல்ல."

பிறகு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். காலைக் கூட்டம் வடிந்துவிட்டிருந்தது. எண்ணாமல் போன தலைகள் போனவைதான். அவளை முன்னால் நடக்கச் சொன்னேன். வழி தெரியாதவள் முன்னால் போவது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. ஆனாலும் போனாள். பிரிவில் மட்டும் முந்திப் போய், கிடந்த வேப்பந்தழையைக் காலால் ஓரமாகத் தள்ளினேன், அவள் பார்க்கவில்லை. படிக்கட்டு ஏறி மின்சார வண்டியில் உட்கார்ந்தோம். கம்பியில் தொங்கிக்கொண்டு ஓடுகிற வண்டி என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. உட்கார்ந்ததும் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைசி ஸ்டேஷன் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. நடுவில் வண்டி நின்ற ஒரு ஊரில் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்தத் தழைய நான் போடல. பல்குச்சி விக்கறவரு வீசுனது. நீ வர வேண்டியது தழை கிடந்த பக்கந்தான்."

அவள் முகம் சட்டென்று வெளுத்தது. மூட்டையை மடியோடு அழுத்திக்கொண்டாள். அவள் பயந்து நான் பார்த்தது அந்தக் காலையில் அப்போதுதான்.

"அப்ப அவரு?" என்றாள்.

"இருக்காரு. சத்தியமா இருக்காரு. நடுவுல ரத்தம் கக்குனாரு. ரெண்டு மாசம் ரொம்ப மோசமா இருந்துச்சு. நான்தான் எழுதல. இப்ப தேறிட்டாரு."

ரத்தம் கக்கியதைச் சொன்னதும்தான் அவள் கை தளர்ந்தது. மூட்டை மடியில் சரிந்தது.

"இத முன்னயே எழுதியிருந்தா நம்பியிருப்பேனே சாமி" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் மாமா சுருட்டிய படுக்கையின் மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்து நாலு எட்டு நடந்து வந்தார். அக்கா அவர் நெஞ்சில் காது வைக்காத குறையாக மூச்சைக் கேட்டாள். பிறகு, "எளச்சுட்டீங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. பலாப்பழத்தை நர்சம்மாக்களிடம் கொடுத்தோம். அன்று சாயங்காலமே இருவரையும் பெரிய ஸ்டேஷனில் சேலம் வண்டி ஏற்றினேன். சின்ன ஸ்டேஷனிலிருந்து அங்கே நடந்த வழி முழுக்கப் பத்து அடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். மாமா சிரித்தார். சிரிக்கட்டும் என்று இன்னும் ஒரு தரம் பார்த்தேன்.

மறுநாள் ஹெட் கிளார்க் படிவத்தைக் கேட்டார். காலைக் கட்டம் காலியாக இருந்தது. அதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டேன். கடைசிக் கட்டத்தில் வழக்கம்போல் முன்பே எழுதி வைத்திருந்த 'இல்லை' இருந்தது. அவர் மேஜையிலேயே பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு 'உண்டு' என்று எழுதினேன்.

"யாருக்கய்யா சிரமம்?" என்றார்.

"ஒருத்தருக்கு" என்று எழுதப் போனேன். அந்த நடுவழியில் மூட்டை மேல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவளையும், பக்கத்தில் விழுந்து அழுதவனையும் நினைத்துப் பார்த்தேன். சிரமப்பட்டது ஒருத்தர்தான். அது அவள் இல்லை. அதனால் கட்டத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.